கூடத்தில் ஒரு லூயி நாற்காலி

அடி அண்ணாமலையில் வீடு. கதவைத் திறந்தால் எதிரே மலையின் மேற்கு முகம். பௌர்ணமி ராத்திரியில் கிரிவலப் பாதை முழுக்க விடிய விடிய ஜனம் நடந்துகொண்டிருக்கும். இப்படிப்பட்ட ஊரில், கூடத்தில் வளைந்த கால் வைத்த பிரெஞ்சு நாற்காலியும், சுவரில் மெழுகுவத்தி ஏந்துகிற மாதிரிப் பித்தளை விளக்கும் எதற்கு என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். வெளிநாட்டவர் நிறையத் தங்குகிற ஊர், அவர்களைப் பார்த்து வந்த ஆசையாக இருக்கும் என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு அது வந்த வழி வேறு. அதை ஒருமுறை விரிவாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இங்கிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாகப் போனால் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் புதுச்சேரி. அந்தப் பாதையே பாதி பிரெஞ்சு வரலாறு. 1750-ல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படை செஞ்சிக் கோட்டையைப் பிடித்தது. 1761 வரை கோட்டை பிரெஞ்சுக்காரர்கள் கையில்தான் இருந்தது. நம் மாவட்டத்திலேயே ஆரணிக்குப் பக்கத்தில் பூசிமலைக்குப்பத்தில் ஆரணி ஜாகிர்தார்களின் மாளிகை ஒன்று பாழடைந்து நிற்கிறது. ‘கண்ணாடி மாளிகை’ என்பார்கள். ஒரு பிரெஞ்சுப் பெண்ணுக்காகக் கட்டியது என்று அந்தப் பக்கத்தில் கதை உண்டு. கதை எவ்வளவு நிஜமோ, சுவர்களும் வளைவுகளும் இன்னும் நிற்கின்றன. உள்ளே இருந்த மரச் சாமான் ஒன்றுகூட மிச்சமில்லை.

மிச்சமிருப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்குத்தான் போகவேண்டும். செயின்ட் லூயி தெரு அருங்காட்சியகத்தில் டூப்ளே படுத்த கட்டில் என்று ஒன்றைக் காட்டுவார்கள். பழைய வீடுகளிலிருந்து வந்த நாற்காலிகள், மேசைகள், நிலைக்கண்ணாடிகளும் அங்கே உண்டு. டூப்ளே கவர்னராக இருந்தது 1742 முதல் 1754 வரை. அதே சமயம் வெர்சாயில் ஆண்டுகொண்டிருந்தவர் பதினைந்தாம் லூயி. பிரெஞ்சு மரவேலையின் உச்சம் என்று இன்றைக்கும் உலகம் கொண்டாடுகிற அந்த வளைவுகள் பாரிஸில் பிறந்துகொண்டிருந்தபோதே, அந்த ராஜாவின் கொடி பறந்த ஊர் நமக்குப் பக்கத்தில் இருந்தது.

டூப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை 1738 வாக்கில் கட்டிய வீடு இன்றும் ரங்கப்பிள்ளை தெருவில் இருக்கிறது. என் மனதில் வீட்டலங்காரம் பற்றிய பாடம் எதுவென்று கேட்டால் அந்த வீட்டைச் சொல்வேன். கீழே நம் ஊர் மரத் தூண்கள் சூழ்ந்த முற்றம். மேல் மாடிக்குப் போனால் ஐரோப்பியப் பாணி வெள்ளைத் தூண்கள். இரண்டும் ஒன்றையொன்று மிரட்டாமல் ஒரே கூரைக்குள் இருக்கின்றன. பிள்ளை 1761 ஜனவரி 12-ஆம் தேதி காலமானார். நான்கு நாள் கழித்துப் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. பிறகு அவர்கள் வெள்ளையர் பகுதியைத் தரைமட்டமாக்கினார்கள். ஊர் பிரெஞ்சுக்காரர்களுக்குத் திரும்பக் கிடைத்து 1765-லிருந்துதான் மறுபடி கட்ட ஆரம்பித்தார்கள்.

இதனால் ஒரு விஷயம் தெளிவாகிறது. டூப்ளே காலத்து நிஜச் சாமான்கள் புதுச்சேரியில் மிக மிக அபூர்வம். இன்று ‘பாண்டி ஃபர்னிச்சர்’ என்று நாம் பார்ப்பவற்றில் பெரும்பகுதி அதற்குப் பின்னால், முக்கியமாக 19-ஆம் நூற்றாண்டில், நம் ஊர் ஆசாரிகள் செய்தது. மாதிரி பாரிஸிலிருந்து வந்தது. கை தமிழ்க் கை. மரம் தேக்கும் ஈட்டியும். வெல்வெட் மெத்தை இருக்கவேண்டிய இடத்தில் பிரம்புப் பின்னல். எனக்கு வேண்டியது இந்த வகைதான். பாரிஸிலிருந்து கப்பலில் இறக்குகிற சாமானைவிட அடி அண்ணாமலை வீட்டுக்கு ஒத்துப்போவது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

கடையில் போய் நின்றால் எல்லாவற்றுக்கும் ‘மகாராஜா மாடல்’ என்று ஒரே பெயர் சொல்லிவிடுவார்கள். காலைக் குனிந்து பாருங்கள், காலம் தெரிந்துவிடும். பதினான்காம் லூயி (1643–1715) காலத்து நாற்காலி கனமானது. முதுகு நிமிர்ந்து உயர்ந்திருக்கும், கால்களை இணைத்துக் குறுக்குச் சட்டம் ஓடும். விறைப்பாக உட்காருவதற்கென்றே செய்த மாதிரி இருக்கும். பதினைந்தாம் லூயி (1715–74) வந்ததும் எல்லாம் இளகிவிட்டது. கால் முழங்காலில் வெளியே புடைத்து, கணுக்காலில் உள்ளே ஒடுங்கி, நுனியில் மறுபடி சுருளும். குறுக்குச் சட்டம் போய்விட்டது. முதுகின் உச்சியில் ஒரு பூவோ சிப்பியோ செதுக்கியிருக்கும். நேர்கோட்டைத் தேடினாலும் கிடைக்காது. அப்புறம் இத்தாலியில் எர்குலேனியம், பாம்பேய் நகரங்களை மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்தார்கள். பழைய ரோமானிய வடிவங்கள் மேல் மோகம் வந்தது. பதினாறாம் லூயி (1774–92) காலத்துக் கால் அதனால்தான் நேராகிவிட்டது. மேலே தடித்துக் கீழே மெலிந்து, நீளவாக்கில் வரி வரியாகப் பள்ளம் இழைத்து, சட்டத்தோடு சேரும் இடத்தில் சதுரக் கட்டமும் அதற்குள் ஒரு பூவும் வைத்து, கோயில் தூணைச் சிறிதாக்கித் தலைகீழாக நட்ட மாதிரி இருக்கும். நெப்போலியன் காலத்தில் சிங்கப் பாதமும் எகிப்தியத் தலைகளும் சேர்ந்துகொண்டன. 1798-ல் அவர் எகிப்துக்குப் படையெடுத்துப் போன நினைவு அது.

கைகளைப் பொறுத்து இரண்டு வகை. கைக்கும் இருக்கைக்கும் நடுவே திறந்திருந்தால் ஃபோத்தேய். அந்த இடத்தைத் துணி வைத்து அடைத்து, மேலே தனி மெத்தை போட்டிருந்தால் பெர்ஜேர். பதினைந்தாம் லூயி காலத்து ஃபோத்தேயில் கை, இருக்கையின் முன் விளிம்பு வரை வராது. கொஞ்சம் பின்னாலேயே நின்றுவிடும். அந்தக் காலத்துப் பெண்கள் வளையம் வைத்து விரித்த பாவாடை கட்டியதால் இடம் விட்டுச் செய்தார்கள். அந்த இடம் நமக்கு வேறு விதத்தில் உதவுகிறது. அம்மா அதில் சப்பணம் போட்டுத்தான் உட்காருவார். முழங்கால் இடிக்காது. இப்போது கடையில் கிடைக்கிற எந்த சோபா செட்டிலும் அவரால் இவ்வளவு சௌகரியமாகக் கால் மடக்க முடிவதில்லை. வாங்குவதற்கு முன் சப்பணம் போட்டுப் பாருங்கள் என்று யார் கேட்டாலும் சொல்கிறேன்.

இந்தப் பாணி நமக்கு அந்நியம் என்று நான் நினைக்காததற்கு வரலாற்றிலும் காரணம் இருக்கிறது. ஐரோப்பாவுக்குப் பிரம்புப் பின்னல் போனது கீழை நாட்டு வியாபாரக் கப்பல்களில்தான். 17-ஆம் நூற்றாண்டின் பின்பாதிக்கு முன்னால் அங்கே பிரம்பு நாற்காலி வழக்கமில்லை. மெருகு போட அவர்கள் நம்பியிருந்த அரக்கும் இந்தியாவிலிருந்து போனது. எல்லாவற்றையும்விடப் பெரிய கதை துணியுடையது.

சோழமண்டலக் கரையில் சாயம் எழுதிய பருத்தித் துணி பிரான்ஸுக்குப் போனதும் அங்கே பித்துப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. துவைத்தாலும் போகாத சிவப்பு. அப்படி ஒன்றை அவர்கள் பார்த்ததே இல்லை. திரைச்சீலை, கட்டில் விதானம், நாற்காலி உறை என்று எல்லாவற்றுக்கும் அதையே கேட்டார்கள். லியோன் பட்டு நெசவாளர்களும் கம்பளிக்காரர்களும் பிழைப்பு போகிறதென்று முறையிட்டார்கள். 1686-ல் அரசாங்கம் அந்தத் துணியை இறக்கவும் கூடாது, அதைப் போல அச்சிடவும் கூடாது என்று தடை போட்டது. 1759 வரை தடை இருந்தது. ஆனாலும் கள்ளத்தனமாக வந்துகொண்டேதான் இருந்தது. பதினைந்தாம் லூயியின் பிரியத்துக்குரிய பொம்பதூர் சீமாட்டியே தன் மாளிகையில் அந்தத் துணியை வைத்திருந்தார்.

தொழில் ரகசியத்தை அறிய ஆள் வைத்துப் பார்த்தார்கள். 1734 வாக்கில் பொலியூ என்ற கப்பல் அதிகாரி புதுச்சேரியில் துணி எழுதுகிறவர்கள் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு கட்டமாகக் குறித்துக்கொண்டு, துணித் துண்டையும் சேர்த்து எடுத்துப் போனார். 1742-ல் கேர்தூ என்ற சேசு சபைப் பாதிரியார் இதே வேலையை விளக்கி நீளமாகக் கடிதம் எழுதினார். கடுக்காயும் எருமைப்பாலும் கலந்து துணியை ஊறவைப்பது, கட்டையால் அடித்து வழவழப்பாக்குவது, படிகாரம் தடவிய இடத்தில் மட்டும் சாயவேர் சிவப்பைப் பிடிப்பது, எல்லாம் இந்தக் குறிப்புகளில் பதிவாகியிருக்கின்றன. தடை நீங்கிய மறு வருஷம், 1760-ல், ஓபர்காம்ஃப் என்பவர் வெர்சாய்க்குப் பக்கத்தில் ழூயி என்ற ஊரில் அச்சுத் துணி ஆலை தொடங்கினார். இன்று பிரெஞ்சு வீட்டலங்காரப் புத்தகத்தைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் வருகிற அந்த ‘ழூயி துணி’க்குப் பூர்வீகம் நம் கரை.

அதனால் நாற்காலிக்கு உறை போடும்போது எனக்குக் குழப்பமே வரவில்லை. வெல்வெட் இந்த ஊர் வெயிலுக்கு ஆகாது. சித்திரையில் உட்கார்ந்து எழுந்தால் முதுகு நனைந்துவிடும், தூசியும் விடாமல் ஒட்டும். கலம்காரிதான் முறை. கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்னும் கையால் எழுதுகிறார்கள். கருப்பூர் கலம்காரி என்கிற அந்த வகைக்கு 2021-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. விசேஷ நாளைக்கு மட்டும் மேலே போட ஆரணிப் பட்டில் ஒரு துண்டு வைத்திருக்கிறேன். ஆரணித் தறியின் தலைமேல் நிற்கிற ஜக்கார்டு பெட்டி, 1804-ல் லியோனில் ஜக்கார்டு என்பவர் உருவாக்கிய பொறியின் வாரிசு. பிரெஞ்சு அரண்மனைகளுக்குப் பட்டு நெய்த ஊர் லியோன். கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் நடந்திருக்கிறது.

இப்போது மரத்துக்கு வருகிறேன். இதில்தான் பணம் போவதும் நிற்பதும்.

நிஜ பாரிஸ் சாமான்களில், குறிப்பாக அலமாரி, மேசை வகைகளில், அழகு முழுக்க மேல் ஒட்டில் இருக்கிறது. சாதாரண மரத்தில் பெட்டி செய்து, மேலே உசத்தி மரத்தை மெல்லிய தகடாக அறுத்துப் பூ வேலை செய்து வஜ்ஜிரம் போட்டு ஒட்டுவார்கள். பதினான்காம் லூயியின் தச்சர் பூல் இதில் ஆமையோட்டையும் பித்தளைத் தகட்டையும்கூட வைத்து இழைத்தார். பார்க்கக் கண் கோடி வேண்டும். ஆனால் கத்திரியில் நாற்பது டிகிரி காய்ந்து, ஐப்பசி அடைமழையில் ஊறுகிற நம் வீட்டில் அந்த வஜ்ஜிரம் நிற்காது. விளிம்பிலிருந்து உரிய ஆரம்பிக்கும். கேரளத்திலிருந்தோ குஜராத்திலிருந்தோ வருகிற புது ‘பிரெஞ்சு’ சாமான்களிலும் பலகைத் தூளை அழுத்திச் செய்த போர்டின் மேல் ஒட்டுத்தாள் போட்டுத்தான் தருகிறார்கள். அதற்கு இன்னும் ஆயுள் குறைவு. முழு மரத்தில் செய்த நாற்காலிதான் வாங்கவேண்டும், அல்லது செய்யச் சொல்லவேண்டும்.

பழையதை வாங்கினால் கவிழ்த்துப் பாருங்கள். மேலே யார் வேண்டுமானாலும் பாலிஷ் போடலாம். அடியில் பொய் சொல்ல முடியாது. கை இழைப்புளி போன தடம் லேசான அலையாகத் தெரியும். வட்டரம்பம் அறுத்தால் பிறை பிறையாகக் கீறல் இருக்கும். சட்டங்களைக் கழுந்து வைத்துப் பூட்டி மர ஆணி அடித்திருந்தால் நல்ல வேலை. இரும்பு ஸ்குரு தெரிந்தால் ஒன்று புதியது, அல்லது இடையில் யாரோ ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பாரிஸ் தச்சர்கள் செய்த பொருளில் பெயர் முத்திரை குத்தவேண்டும் என்று சங்க விதியே இருந்தது. நம் ஆசாரிகளுக்கு அந்த வழக்கம் இல்லை. அதனால் செய்தவர் பெயர் நமக்குக் கிடைப்பதில்லை. எனக்கு அது உண்மையிலேயே வருத்தம். இவ்வளவு அழகாகச் செதுக்கிய கை யாருடையது என்று தெரியாமல் அதில் உட்கார்ந்திருக்கிறோம். நாற்காலியைத் தரையில் ஒருமுறை தட்டி வைத்து எடுத்தால், மாவு மாதிரி உதிர்கிறதா என்றும் பாருங்கள். உளுத்த கட்டை என்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், மற்ற மரத்தையும் கெடுத்துவிடும்.

புதிதாகச் செய்யச் சொல்வதானால் ஈட்டிக்கு ஆசைப்படவேண்டாம். அந்த மரத்தைக் காக்கத் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே போட்டிருந்தார்கள். இடித்த வீட்டுத் தேக்கு கிடைத்தால் அதைவிட மேல். காய்ந்து அடங்கிய கட்டை, இனி முறுக்காது. என் நாற்காலிக்குப் பழைய உத்திரம் ஒன்று கிடைத்தது. ஆசாரி அதைக் கொட்டாப்புளியால் தட்டிச் சத்தம் கேட்டுவிட்டு, “வைரம் பாய்ஞ்ச கட்டை சார். ஆனா இந்தக் காலை ஒரே கட்டையில எடுக்கணும். வளைவுக்குத் துண்டு ஒட்டினா நாளைக்கு நிக்காது. பாதி செதுக்கலாவே போய்டும், சொல்லிட்டேன்” என்றார். “போனாப் போவட்டும் ஆசாரி, ஒரே கட்டையிலயே எடுங்க” என்றேன். கால் வளைகிற இடத்தில் மரத்தின் ரேகை குறுக்கே வந்துவிட்டால் அங்கேதான் உடையும். ரேகை முழங்காலிலிருந்து பாதம் வரை தொடர்ந்து ஓடுகிற மாதிரி அவர் கட்டையைத் திருப்பித் திருப்பிக் குறி போட்டதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஓவியம் எழுதுகிறவர் முதல் கோட்டுக்கு எடுத்துக்கொள்கிற நிதானம் அதில் இருந்தது.

பாலிஷ் விஷயத்தில் ஒரு பிடிவாதம் வேண்டும். இன்று எல்லோரும் மெலமைன், பி.யூ. என்று ஸ்பிரே அடித்து ஒரே நாளில் பளபளவென்று கொடுத்துவிடுகிறார்கள். அது மரத்தின் மேல் கண்ணாடி ஒட்டினது போல ஆகிவிடுகிறது. பழைய பிரெஞ்சு பாலிஷ்தான் இதற்குச் சரி. அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் ராத்திரி முழுக்கக் கரையவிட்டு வடிகட்டவேண்டும். பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி அந்தக் கரைசலில் தோய்த்து, வழுக்க ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு, எட்டு வடிவத்தில் தேய்த்துக்கொண்டே போகவேண்டும். நிறுத்தினால் அந்த இடத்தில் ஒட்டித் தழும்பு விழும். ஒரு பூச்சு காய்ந்து அடுத்தது, அது காய்ந்து அதற்கடுத்தது. மழைக்காலத்தில் போட்டால் ஈரத்தை இழுத்து வெள்ளை பூத்துவிடும், தையிலிருந்து பங்குனிக்குள் முடித்துக்கொள்வது நல்லது. சூடான காபி டம்ளரை நேரே வைத்தால் வளையம் விழும். ஆனால் கெட்டுப்போனாலும் ஸ்பிரிட் தொட்டு அதே இடத்தை மறுபடி தேய்த்துச் சரிசெய்துவிடலாம். ஸ்பிரே பாலிஷ் கீறினால் முழுவதையும் சுரண்டித்தான் எடுக்கவேண்டும்.

தங்க நிறப் பெயின்ட் மட்டும் வேண்டவே வேண்டாம். டப்பாவில் வருகிற அந்தத் தங்கம் இரண்டு கோடையில் கறுத்துவிடும். அசல் பிரெஞ்சு சாமான்களில் மின்னுவது வெண்கலத்தின் மேல் பாதரசத்தோடு சேர்த்துப் பூசிய தங்கம். அந்தப் புகையைச் சுவாசித்து எத்தனையோ தொழிலாளிகள் உடல் கெட்டார்கள். நமக்கு நல்ல பித்தளை வார்ப்பு இருக்கிறது, கைப்பிடிக்கும் சாவித் துவாரத்துத் தகட்டுக்கும் அதுவே போதும். புளி போட்டுத் தேய்ப்பதென்றால் கழற்றித் தேயுங்கள். புளித்தண்ணீர் வழிந்தால் அரக்குப் பாலிஷ் வெளுத்துவிடும்.

பிரம்புப் பின்னலுக்கும் இதே பேச்சுதான். பிளாஸ்டிக் ஒயர் போட்டுத் தரட்டுமா என்று கேட்பார்கள். பிரம்பையே கேளுங்கள். ஊறவைத்த பிரம்பு நாரை நெடுக்கு, குறுக்கு, இரண்டு சாய்வு என்று கோர்த்து இழுத்தால் எட்டு மூலைக் கண்கள் விழும். காய்ந்ததும் தோல் வாத்தியம் மாதிரி விறைத்துக்கொள்ளும். அரசு அலுவலக நாற்காலிகளுக்குப் பார்வையற்றவர்கள் பின்னிக் கொடுத்த வேலை இது. விரல் நுனியிலேயே கணக்கு வைத்திருக்கிறவர்கள். அந்தக் கைகளுக்கு இன்னும் வேலை கொடுக்க முடிந்தால் கொடுக்கவேண்டும்.

சாமான் வந்தாயிற்று, எங்கே போடுவது? பெரும்பாலான வீடுகளில் நடு ஹாலில் டீப்பாயைச் சுற்றி சோபா செட் போட்டு நடக்க வழியில்லாமல் செய்துவிடுகிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு வரவேற்பறையில் பெரிய நாற்காலிகள் சுவரோரமாக வரிசையாகத்தான் இருந்தன. சுவரின் செதுக்கு வேலையோடு பொருந்துகிற மாதிரி அவற்றைச் செய்து, இடம் மாற்றாமல் வைத்திருந்தார்கள். நடுவே இழுத்துப் போட்டுக்கொள்ள லேசான நாற்காலிகள் தனியாக இருந்தன. ஆட்கள் போனதும் அவையும் ஓரத்துக்குப் போய்விடும். நம் கூடமும் அப்படித்தானே? நடு இடம் காலியாக இருந்தால்தான் பந்தி போடலாம், பாய் விரிக்கலாம், கொலு நாளில் ஜனம் உட்காரலாம், குழந்தைகள் ஓடலாம். பிரெஞ்சு பாணி நம் வீட்டில் உட்காருவதற்கு எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சாவி இதுதான். நடுவைக் காலியாக விட்டுவிட்டேன். வடக்குச் சுவரோரம் இரண்டு ஃபோத்தேய், எதிரே ஒரு சின்ன மேசை. வேறெதுவும் இல்லை. ஒரே ஒரு சாமான் ஒரு அறையை எப்படி நிறைக்கும் என்று பார்க்கவேண்டுமானால் இந்த ஊரிலேயே ரமணாசிரமத்துப் பழைய ஹாலில் பகவான் ரமணர் உட்கார்ந்திருந்த சோபாவைப் போய்ப் பாருங்கள். சுற்றிலும் வெறும் தரை. அங்கே நுழைகிற எவர் கண்ணும் வேறெங்கும் போவதில்லை.

விளக்கு பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. நல்ல சாமான் வாங்கிப் போட்ட பல வீடுகள் கெட்டுப்போவது விளக்கால்தான். கூரை நடுவில் 6500 கெல்வின் வெள்ளை டியூப் லைட்டைப் போட்டுவிட்டால், எவ்வளவு நுணுக்கமான செதுக்கு வேலையானாலும் தட்டையாகிவிடும். வளைந்த மரம் என்பது நிழலை நம்பிச் செய்தது. பக்கவாட்டில் தாழ்வாக வெளிச்சம் விழுந்தால்தான் பூவின் இதழ் எழும்பும், காலின் வளைவு தெரியும். அந்தச் சாமான்களைச் செய்தவர்கள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பார்ப்பதற்காகவே செய்தார்கள். வெர்சாயின் கண்ணாடிக் கூடத்தில் 357 கண்ணாடிகளைப் பதித்ததும் அழகுக்கு மட்டுமில்லை. ஜன்னல் வெளிச்சத்தையும் மெழுகுவத்தியையும் பல மடங்காக்கிக் காட்டும் ஏற்பாடு. பதினைந்தாம் லூயிக்காக ஓபன் என்ற தச்சர் ஆரம்பித்து ரீஸ்னர் என்பவர் 1769-ல் முடித்த எழுத்து மேசை இன்றும் வெர்சாயில் இருக்கிறது. அதன் இரண்டு பக்கமும் மெழுகுவத்தி ஏந்தும் கைகள் மேசையோடு சேர்த்தே வார்த்திருக்கும். விளக்கும் மரமும் ஒரே வேலையாக இருந்த காலம் அது. 1780 வாக்கில் ஆர்கான் என்பவர் வட்டத் திரியும் கண்ணாடிச் சிமினியும் வைத்த எண்ணெய் விளக்கைக் கொண்டுவந்த பிறகுதான் ஒரே விளக்கில் பல மெழுகுவத்தியின் வெளிச்சம் கிடைத்தது.

சரவிளக்கு மேல் எல்லோருக்கும் ஆசை. பதினைந்தாம் லூயியின் அனுமதியோடு 1764-ல் தொடங்கிய பக்காரா கண்ணாடிச் சாலை பிற்பாடு நம் நாட்டு மகாராஜாக்களுக்குச் சரவிளக்குகள் செய்து அனுப்பியிருக்கிறது. ஆனால் மகாராஜா வீட்டுக் கூரை உயரம் வேறு. நமக்கு நடுக் கூரையில் ஃபேன் வேண்டும், இந்த ஊரில் அது இல்லாமல் முடியாது. ஃபேனும் சரவிளக்கும் ஒரே அறையில் இருந்தால் கண்ணாடித் தொங்கல்கள் ராத்திரி முழுக்கக் கிணுகிணுக்கும். கிரிவலப் பாதைத் தூசி வேறு வாரம் ஒருமுறை துடைக்கவைக்கும். ஆசை இருந்தால் மாடிப்படி ஏறுகிற இடத்தில், கான்கிரீட்டில் தனி ஆங்கர் அடித்துத் தொங்கவிடுங்கள். ஃபேன் கொக்கியை நம்பிக் கனமான விளக்கை மாட்டாதீர்கள்.

கூடத்துக்குச் சுவர் விளக்குதான் என் பரிந்துரை. இரட்டைக் கை வைத்த பித்தளை விளக்கு, கண் மட்டத்துக்குச் சற்று மேலே, நாற்காலிக்கு இரண்டு பக்கமும். பின்னால் ஒரு சின்னக் கண்ணாடித் தகடு இருந்தால் பாதி வாட்டிலேயே வெளிச்சம் போதும். பல்பு வாங்கும்போது ‘வார்ம் ஒயிட்’ கேளுங்கள், பெட்டியில் 2700 கெல்வின் என்று இருக்கவேண்டும். மெழுகுவத்திச் சுடர் 1900 பக்கம், அதற்குக் கிட்டத்தில் போகிறோம். மெழுகுவத்தி வடிவ பல்புகள் சின்ன மரை ஹோல்டரில் வரும், நம் வீட்டு பின் ஹோல்டரில் ஏறாது, எலக்ட்ரீஷியனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க டிம்மர் போடுவதானால் அதற்கேற்ற எல்.இ.டி.தானா என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் துடிக்கும். படிக்க மட்டும் தனியாக ஒரு மேசை விளக்கு இருக்கட்டும்.

கார்த்திகை தீபத்தன்று மலை உச்சியில் தீபம் ஏறியதும் இந்தச் சுவர் விளக்குகளை அணைத்துவிடுவோம். வாசல் படியிலும் திண்ணையிலும் கூடத்து நடுவிலும் அகல்தான். அந்த வெளிச்சம் தரையிலிருந்து மேலே ஏறுகிறது. நாற்காலிக் காலின் வளைவு அப்போது சுவரில் நிழலாக நீண்டு விழும். பகலில் ஒருநாளும் அந்த வளைவை அவ்வளவு முழுதாகப் பார்த்ததில்லை.

இன்னும் பாக்கி இருப்பது நிலைக்கண்ணாடி. அதன் சட்டத்துக்குக் கள்ளக்குறிச்சி மரச்சிற்பிகளிடம் போனேன். அவர்கள் வேலைக்கும் 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சாமி சிற்பமும் வாசல் நிலையும் செதுக்குகிறவர்கள். கொடியும் இலையும் அவர்கள் கைக்குப் பழக்கமானவை, பதினைந்தாம் லூயி காலத்துச் சிப்பி வடிவம்தான் புதிது. படத்தைக் காட்டியதும் அங்கே ஒரு சிற்பி பென்சிலால் பலகையிலேயே இரண்டு விதமாகப் போட்டுக் காட்டினார். ஒன்று படத்தில் இருந்தபடி. இன்னொன்றில் சிப்பியின் விளிம்பு யாளியின் பிடரி மயிர் மாதிரிச் சுருண்டிருந்தது. இரண்டாவதையே செய்யச் சொல்லிவிட்டேன். வாகை மரம், உயரம் நான்கடி, மேலே மட்டும் செதுக்கு. ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டப்போகிறேன், மாலை வெயில் உள்ளே வருகிற திசையில். பொங்கலுக்குள் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வந்ததும் படம் போடுகிறேன்.